அட்டைமேல் இருந்த பெயர்

திருத்தங்கலில் அண்ணனுடைய அச்சகத்துக்குள் நாகஜோதி நுழைந்தபோது முந்நூறு அட்டைகளும் அடித்து, லாமினேஷன் போட்டு, மேசையில் அடுக்கியிருந்தன. மடித்து ஒட்டுவது மட்டும்தான் பாக்கி. அண்ணன் பாலகுரு மேலாக இருந்த அட்டையை எடுத்து, பெண் வீட்டில் மாப்பிள்ளை போட்டோ காட்டுகிறவனைப் போல இரண்டு கையாலும் நீட்டினான்.

இசைத்தட்டு உறைக்காக அவள் கொடுத்த படம்தான். கரிசல் காட்டுக்கு நடுவில் ஆளில்லாமல் நிற்கும் டிரம் செட். கீழே ஓரத்தில் ஆல்பத்தின் பெயர், ‘எதிர்வெயில்’. அதற்குப் பக்கத்தில் அவள் பெயர். ஆனால் மேலே, வெறும் வானம் இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு அங்குல உயரத்துக்குத் தங்க எழுத்து ஓடியது: ‘கந்தகம் புகழ்’.

"வானத்தக் காணோம்," என்றாள் நாகஜோதி.

"சும்மா வெறிச்சோடிக் கெடந்துச்சு தாயி. அதான் பெத்தணன் அண்ணாச்சிட்டச் சொல்லி தங்க ஃபாயில் வச்சேன். கண்ணப் பறிக்குதுல்ல?"

அச்சகத்தின் மூத்த ஆளான பெத்தணன் வெட்டும் இயந்திரத்தின் அருகிலிருந்து, பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு பார்த்தார்.

அவள் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

‘கந்தகம்’ சென்னையின் ராக் குழு. ஏழு வருடம் அதில் நாகஜோதி டிரம்ஸ் வாசித்தாள். கல்லூரி மைதானங்களில் தொடங்கி சிங்கப்பூர் அரங்கம்வரை போய் வந்த குழு அது. அந்தப் பெயரை வைத்ததே அவள்தான். பதிவு செய்துகொண்டது பாடகன் விக்னேஷ்குமார். ஒவ்வொரு மேடையிலும் அவளை அறிமுகப்படுத்தும்போது, "சிவகாசிப் பொண்ணு, பக்கத்துல போகாதீங்க, வெடிச்சிரும்" என்பான். கூட்டம் சிரிக்கும். ஏழு வருடமும் அதே வரி. அதையும் பொறுத்துக்கொண்டாள். தான் எழுதிய பாட்டைத் தானே பாடுகிறேன் என்று அவள் கேட்ட அன்று, "டிரம்மர் பாடினா மேடையில எங்க பாக்குறதுன்னு ஆடியன்ஸுக்குக் குழம்பும்" என்றான். பிப்ரவரியில் வெளியே வந்துவிட்டாள். மார்ச்சில் வக்கீல் கடிதம் வந்தது: விளம்பரம், அட்டை, பேச்சு எதிலும் குழுவின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது.

"கடுதாசியப் படிச்சுக் காட்டுனேன்ல அண்ணே?"

"காட்டுன. நான்தான் அன்னைக்கு லேபிள் ஆர்டர் ஒண்ணு போன்ல பேசிக்கிட்டு இருந்தேன்." பாலகுரு தலையைச் சொறிந்தான். "கந்தகத்துப் பேரப் போடணும்னு சொல்றியா, போடக் கூடாதுன்னு சொல்றியான்னு ஒரு சந்தேகம். எவனாச்சும் போடக் கூடாதும்பானான்னு நெனச்சேன்."

அவன் நினைத்ததில் ஆச்சரியமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பட்டாசு லேபிள் அடிக்கிறவன். புதுக் கம்பெனிக்காரர் எவர் வந்தாலும் முதலில் சொல்வது, ஓடுகிற சரக்கின் சாயல் இருக்கவேண்டும் என்பதுதான். அதே சிவப்பு, அதே மயில், பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். சொந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டுச் சரக்கு கிட்டங்கியில் தேங்கிப்போனவர்களை அவன் பார்த்திருக்கிறான். தங்கைக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவனாக யோசித்துச் செய்த காரியம் இது.

"ஸ்டிக்கர் ஒட்டிருவோம்," என்றான். "புதுசா அடிக்க வழியில்ல. தீபாவளி முடியிறவரைக்கும் மிஷின்ல ஈ நொளைய எடமில்ல. உன் வேலையவே ரெண்டு புஸ்வாண லேபிளுக்கு நடுவுல செருகித்தான் ஓட்டுனேன்."

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. இன்று வெள்ளி. அவள் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அதிர்ந்தது. விக்னேஷ்குமார். ஏழு மாதத்தில் முதல் அழைப்பு. பெத்தணன் மிஷினை நிறுத்தினார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜோ, கவர் பார்த்தேன். செம."

"எங்க பார்த்த?"

"உங்க அண்ணன் ஸ்டேட்டஸ்ல."

பாலகுரு சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தான்.

"கோவமில்ல ஜோ. லாயர விட்டுரச் சொல்லிட்டேன். பேர நல்லா யூஸ் பண்ணிக்க. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே? தீபாவளி டூருக்கும் வந்துரு. உன் ஆல்பத்துல இருந்தே ரெண்டு பாட்டு பண்ணுவோம்."

பாலகுருவின் முகம் மலர்ந்தது. வலது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மும்பைக் கம்பெனி ஒன்றும் நாகஜோதியிடம் இதையேதான் கேட்டது: முகப்பில் குழுவின் பெயர் இருந்தால் வெளியிடுகிறோம். மறுத்துவிட்டு வந்து, சூலக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டின் உள்ளறையில் மெத்தைகளைச் சுவரில் சாத்தி வைத்து எட்டுப் பாட்டையும் பதிவு செய்தாள். ஆனாலும் அந்தப் பெயர் இல்லாமல் தன்னை யாராவது கேட்பார்களா என்ற பயம் அவளை விட்டுப் போகவில்லை. மண்டபத்தின் நாற்காலிகள் பாதி காலியாகக் கிடப்பதுபோல இந்த வாரத்தில் இரண்டு முறை கனவு வந்தது. இப்போது அந்த நாற்காலிகளை நிரப்ப ஒருவன் முன்வருகிறான்.

"ரெண்டு பாட்டையும் யாரு பாடுறது?" என்று கேட்டாள்.

"நான்தான். ஜனங்களுக்குப் பழகின குரல். நீ பின்னால வாசி, கோரஸ்ல மைக் தரேன்."

"அதெல்லாம் என் கொரலுக்குக் கட்டுன பாட்டு விக்னேஷ். உனக்கு எட்டாது."

எதிர்முனையில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "ஜோ, யோசிச்சுப் பேசு. அந்தப் பேர் இல்லாம நீ யாரு?"

"அதக் கேக்கத்தான் ஞாயித்துக்கெளம கூட்டம் போட்டுருக்கேன். விருதுநகருக்கு நீயும் வா. டிக்கெட் எடுக்க வேண்டியதில்ல." அழைப்பைத் துண்டித்தாள்.

பாலகுரு பெரிதாக மூச்சு விட்டான். "வீடு தேடி வந்து குடுக்கான். வேண்டாம்னு கதவச் சாத்துற. உனக்கென்ன கிறுக்கா புள்ள? இம்புட்டு நேரம் கேஸ் வரும்னு பயம். இப்ப அவனே சரினுட்டான். எழுத்து அது பாட்டுக்கு மேல இருந்துட்டுப் போகுது."

"அவன் சரினு சொன்னதுக்கப்புறம்தான் இது இருக்கவே கூடாது."

"அப்ப ஸ்டிக்கர்."

"ஸ்டிக்கர உரிச்சுப் பாப்பாக. உள்ள என்ன இருக்குன்னுதான் பேச்சா இருக்கும், பாட்டக் கேக்க மாட்டாக. வெட்டிருங்க."

"எத?"

"மேல ரெண்டு அங்குலத்த."

அது மேல்பக்கம் திறந்த எளிய உறை. தாளைப் புத்தகம்போல மடித்து, அடியையும் பக்கத்தையும் ஒட்டினால் போதும். மேலே வெட்டினால் உறையின் உயரம் குறையும்; தட்டு குறையாது. பாலகுரு இதை விரலால் அட்டையில் கோடு போட்டே விளக்கினான். தெரியும் என்றாள்.

பெத்தணன் இரண்டு கையையும் கைலியில் துடைத்துக்கொண்டார். "மொதலாளி சொன்னாலும் நான் வெட்ட மாட்டேன் தாயி. நேத்து பூராம் ஒத்த ஆளா நின்னு வச்ச ஃபாயிலு. ஒரு எழுத்து பிசிறு கெடையாது, பாருங்க."

"பிசிறே இல்ல அண்ணாச்சி. நல்லாருக்கு. நான் வெட்டிக்கிறேன், அளவு மட்டும் வச்சுக் குடுங்க."

அவர் பாலகுருவைப் பார்த்தார். பாலகுரு வாசலைப் பார்த்தான். வெளியே லேபிள் கட்டுகளை ஏற்ற வந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், யாரும் போகவில்லை. கடைசியில் பெத்தணன் நூறு அட்டைகளைத் தட்டிச் சீராக்கி, கத்திக்கு அடியில் தள்ளி, அளவு வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"ஒத்தக் கையால ஓடாது. ரெண்டு பொத்தானையும் ஒண்ணா அமுக்கணும்," என்றார். "வெரலு போயிறக் கூடாதுன்னு அப்படி வச்சுருக்கான். உங்களுக்கு ரெண்டு கையும் வேணும்ல."

நாகஜோதி கைகளை அகல விரித்துப் பொத்தான்களின்மேல் வைத்தாள். அமுக்கினாள். தகடு இறங்கி, பெரிய வெண்டைக்காயை நறுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தங்கப் பட்டைகள் சரிந்து கீழே இருந்த கழிவுப் பெட்டியில் விழுந்தன.

பாலகுருவுக்குப் பொறுக்கவில்லை. வெட்டிய அட்டை ஒன்றை எடுத்து மடித்து, பக்கங்களை ஒட்டி, மாதிரிக்கு வைத்திருந்த தட்டை உள்ளே இறக்கினான். மேலே கருப்பாக இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. கரிசல் காட்டுக்கு மேலே அதே நிறத்தில் ஒரு வளைவு.

"பாரு. சட்டைக்குள்ள அடங்காத தொப்ப மாதிரி இருக்கு. பாக்குறவுக, அளவு தெரியாத பய எவனோ வெட்டியிருக்கான்னுதான் சொல்லுவாக. நம்மூரு அச்சாபீஸ்காரன் நாப்பது பேரு பாப்பான். என் மானம் போயிரும்."

"அப்பப் பின்பக்கம் உங்க பிரஸ் பேரு இருக்கே, அதையும் எடுத்துருவமா?"

பாலகுரு உறையைத் திருப்பினான். கீழ் விளிம்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருந்தன. கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தான். பிறகு தட்டை வெளியே உருவி, துடைத்து, மறுபடி நேராக உள்ளே வைத்தான்.

"அது இருக்கட்டும்," என்றான்.

பெத்தணன் இரண்டாவது நூறைத் தட்டிச் சீராக்கத் தொடங்கினார்.