திரைக்குப் பின்னால் பழைய பெட்டி

அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதுதான் அந்தப் பல் டாக்டரின் தொழில். ஆனால் சொந்த அண்ணனின் வாயை மூட வைக்க மட்டும் அவளுக்கு வழி தெரியவில்லை. அவர் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். மின்சாரம் ஓடும் எதற்கும் தானே சித்தப்பா, பெரியப்பா என்று நினைப்பு.

டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்டும் ப்ளூ-ரே பிளேயர் வாங்கப் போன கடையில் அவளுடைய கணவர் சின்னதாக ஒன்றைக் கையில் எடுத்தார். அண்ணன் அதைப் பிடுங்கி வைத்தார்.

"மாப்பிள்ளை, அது பொம்மை. படம்னா தலைமுடிய எண்ணுற மாதிரி இருக்கணும். இதை எடுங்க."

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். வகுப்பில் புலி, மச்சானுக்கு முன்னால் பூனை. அண்ணன் சொன்ன பெரிய பெட்டியே வீட்டுக்கு வந்தது.

மாட்டும் வேலையும் அண்ணனுடையதே. சோபாவை நகர்த்தினார், ஸ்பீக்கர்களை மூலைக்கு ஒன்றாக நிறுத்தினார், கேபிளைத் தடவித் தடவிச் செருகினார். அவ்வளவு நேரமும் பழைய டிவிடி பிளேயரை வாய் ஓயாமல் திட்டினார்.

"அதையெல்லாம் குப்பையில போடு. அதுல படம் பாத்தா கண்ணு கெட்டுப் போயிரும்."

டாக்டருக்குக் குறும்பு தலைக்கேறியது. அண்ணன் கை கழுவப் போன நேரத்தில், குப்பைக்குப் போக வேண்டிய அந்தப் பெட்டியையே டிவியில் இணைத்து, ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். புதிய பெட்டியில் புது டிஸ்க், பழையதில் அதே படத்தின் பழைய டிஸ்க். ஒரு கப்பல் படம், புரியாத மொழி, கீழே எழுத்து ஓடும்.

பழையதை ஓட விட்டாள். அண்ணன் சோபாவில் சாய்ந்தார்.

"பாத்தியா? அலையைத் தொட்டா கை நனையும் போல இருக்கு. அந்தப் பழசுல இதைக் கனவுலயும் பாக்க முடியாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்திப் புதியதற்கு மாற்றினாள். அவளே அசந்துபோனாள். மாலுமியின் தாடியில் மழைத்துளி தனித்தனியாக நின்றது. கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்றார் அண்ணன். "இப்ப கொஞ்சம் மங்கிடுச்சே. பழசை மாட்டிட்டியா?"

அவளுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. படத்தை நிறுத்தினாள்.

"அண்ணா, கீழ எழுதியிருக்கறதைப் படி."

"எதுக்கு?"

"சும்மா படியேன்."

அண்ணன் கண்ணைச் சுருக்கினார். "கடல் எவ்வளவு அழகா இருக்குன்னு சொல்றான்."

திரையில் இருந்தது, 'என் செருப்பை எவன் எடுத்தது?'

வாத்தியார் குனிந்து தரையைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி? எனக்கு எல்லாம் தெரியுது."

"எல்லாம் தெரியுதுன்னுதான் நீ சின்ன வயசுலேர்ந்து சொல்ற. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம்."

"கண்ணாடி போட்டா ஆபீஸ்ல கிழவன்னு சொல்லுவாங்க."

"லிஃப்டுன்னு நெனச்சு சுவத்துல முட்டினா என்ன சொல்லுவாங்க?"

மறுநாள் முரண்டு பிடித்தவரைக் காரில் ஏற்றிக் கொண்டுபோனாள். திரைக்குப் பின்னால் நடந்ததை வழியில் சொன்னாள். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹார்ன் அடித்த பிறகும் அண்ணன் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைசியில், "அந்தப் பழசைத்தான் அவ்வளவு புகழ்ந்தேனா?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணாடி வந்த சாயங்காலம் அவராகவே வந்து படத்தைப் போடச் சொன்னார். கப்பல் நகர்ந்தது. தாடியும் மழையும் வந்தபோது கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தன் அண்ணனை இவ்வளவு நேரம் அமைதியாக அவள் பார்த்ததே இல்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

வாத்தியார் இந்த முறை வாய்விட்டே சிரித்தார். அவள் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள்.