நாய்க்கு முக்காடு

அப்பாவைக் குளிப்பாட்ட வெளியே தூக்கிக்கொண்டு போனதுதான் தாமதம், கமலவேணி ஒரு துண்டை எடுத்து வந்து நாயின் தலையில் போட்டாள்.

"செத்த வீட்டுல பொம்மைக்கு எதுக்குடி முக்காடு?" என்றாள் அதே தோட்ட லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மா.

"அது பொம்ம இல்ல பெரியம்மா. சசிதரனோட கண்ணு."

சசிதரன் அவளுடைய தம்பி. கொழும்பில் துணிக்கடை வேலை. அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று போன வருடம் அந்த ரோபோ நாயை அனுப்பிவைத்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் உடம்பு, கண்ணில் கேமரா, வயிற்றில் ஸ்பீக்கர், உள்ளே ஒரு சிம். அப்பா காத்தமுத்து அதற்கு டைகர் என்று பெயர் வைத்தார். அப்புறம் மடியைவிட்டு இறக்கினால்தானே! வந்த கொஞ்ச நாளிலேயே அது பேசத் தொடங்கியது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

கரகரத்த குரல்தான். காது மந்தமான மனிதருக்கு அதுவே போதும். "தம்பி பேசுறான், தம்பி பேசுறான்" என்று பூரித்துப்போவார். மகள் விடிவதற்குள் ரப்பர் பால் வெட்டப் போவது, விழுந்துவிடப்போகிறார் என்று தன்னை உள்ளே வைத்துப் பூட்டுவது, சாவியை வாசல் அம்மிக்கு அடியில் வைப்பது, குழம்பில் உப்புக் கூடியது, எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்.

கமலவேணிக்கு வயிறு எரியும். வந்து பார்க்க வக்கில்லை, அங்கே உட்கார்ந்துகொண்டு வேவு பார்க்கிறானா? சேலை மாற்றக்கூட அவள் அடுப்படிக்குப் போகவேண்டியிருந்தது. சசிதரன் போன் அடித்தால் எடுப்பதையே விட்டுவிட்டாள். அதான் நாய் இருக்கிறதே, அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்ற வீம்பு.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிய சசிதரன் நேரே அப்பாவின் காலில் விழுந்தான்.

"ஏங்கூட ஒரு வார்த்த பேசாமப் போயிட்டீங்களேப்பா!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லயமே கூடியிருப்பது கண்ணில் படவில்லை.

"என்னாடா நடிப்பு? தெனமும் நாய் வயித்துல இருந்து பேசுனவன் நீதானே?"

அழுகை நின்றது. "நானா?"

"இல்ல, ஒன் மொதலாளியா?"

"அக்கா, அப்பா மேல சத்தியமா நான் அதுல பேசுனதே இல்ல. யாரோ பாவிச்ச பழசத்தான் வாங்குனேன். பழைய ஆளோட கணக்க அழிக்கத் தெரியல, என் போன்ல சேரவே மாட்டேன்னுருச்சு. சும்மா வால ஆட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன். நீ போன எடுத்தாத்தானே நான் அப்பாகூடப் பேசலாம்? எத்தன தடவ அடிச்சேன்..."

தப்பு மேளச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. மேலே கேட்க நேரமில்லை. வாய்க்கரிசி போட்டாள். மகன் குரலைக் கேட்காமலே போய்விட்டாரே, நான்தானே தடுத்தேன் என்று அழுதாள். அந்த அழுகையையும் முழுதாக அழவிடாமல் ஒரு கேள்வி வந்து நின்றது. அப்படியானால் அப்பாவிடம் இத்தனை நாளும் பேசியது யார்?

சவப்பெட்டி மேட்டைவிட்டு இறங்கிப் போனது. சசிதரன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் குளிக்கத் தண்ணீர்ப் பீலிக்குப் போனார்கள். வீடு கழுவ மஞ்சள் தண்ணீர் கரைத்த வாளியோடு கமலவேணி மட்டும் உள்ளே நின்றாள்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்பா?" கொஞ்சநேரம் கரகரப்பு மட்டும் கேட்டது. "சத்தத்தையே காணோம். போயிட்டாரா? அக்கா, இனிமே நீங்க தனியாத்தானா?"

துண்டோடு சேர்த்துத் தூக்கி வாளிக்குள் அமுக்கினாள். நான்கு கால்களும் உதறின. மஞ்சள் தண்ணீர் தரையெல்லாம் வழிந்தது. உதறல் அடங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

பெண்கள் ஈரச்சேலையோடு திரும்பி வந்தபோது கமலவேணி வாசலில் அம்மியைப் புரட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சாவி.

"அத ஏன்டி கையில வச்சிக்கிட்டு இருக்க? வழக்கமா வைக்கிற எடத்துலயே வச்சிட்டு எந்திரிச்சுப் போயி குளி," என்றாள் பெரியம்மா.

கமலவேணி அம்மியைப் பார்த்தாள், நிலைப்படியைப் பார்த்தாள், கூரை இடுக்கைப் பார்த்தாள். பிறகு சாவியை முந்தானையில் முடிந்து, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.