சுவிட்சுப் பலகைக்கு மேலே குளவிக்கூடு

2008 தை மாதத்தில், கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவிட்சுப் பலகைக்கு மேலே குளவி கூடு கட்டத் தொடங்கியது. குளவி மண்கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆகவே அதை யாரும் கலைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். என் மகன் ஆதித்யாவுக்கு மணமாகி ஐந்து ஆண்டுகள் முடிந்திருந்தன.

வீட்டு வேலைக்கு வரும் அம்சா கூட்டைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "செம்மண்ணு கூடும்மா! பேரன்தான், எழுதி வச்சிக்கோ."

அன்றுமுதல் வந்தவர்கள் எல்லோரும் முதலில் கூட்டைப் பார்த்தார்கள். பிறகு மருமகள் ஸ்வாதியின் வயிற்றைப் பார்த்தார்கள். கூட்டைக் காட்டியவளே நான்தான்.

ஒருநாள் காலை, சிறுசேரி அலுவலகத்துக்குப் போகக் கேப் வண்டிக்காகக் காத்திருந்தபோது ஸ்வாதி கேட்டாள். "அத்தை, அதை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா இந்த வீட்டுல தொட்டில் கட்ட முடியாது."

"இத்தனை வருஷம் கூடு இல்லாததாலதான் கட்டலையா?"

"பதில் மட்டும் உனக்கு உடனே பொறந்துடுது" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுச் சதாசிவம் மனைவியோடு சாப்பிட வந்தார். என் தோட்டத்து அவரைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, கூட்டைப் பார்த்துச் சிரித்தார். "குளவி முந்திக்கிச்சே! நீ எப்பம்மா?"

பரிமாறிக்கொண்டிருந்த ஸ்வாதி கரண்டியை வைத்தாள். ஸ்டூலில் ஏறி, தோசைத்திருப்பியால் கூட்டைப் பெயர்த்தாள். ஒரு தட்டில் போட்டு, என் முன்னால் வைத்து உடைத்தாள்.

உள்ளே பச்சைப் புழுக்கள் அடுக்கடுக்காக இருந்தன. செத்தவை என்று எண்ணினேன். அவள் கரண்டிக் காம்பால் தொட, ஒன்று மெல்லச் சுருண்டது. அதன் உடலில் வாயைப் பதித்து ஒரு வெள்ளைப் புழு கிடந்தது.

"அந்த வெள்ளைதான் குளவியோட குஞ்சு. ஆபீஸ்ல நெட்ல பார்த்துப் படிச்சேன். குளவி கொல்லாது, அத்தை. கொட்டி, அசையாம வச்சிடும். குஞ்சு கொஞ்சம் கொஞ்சமா தின்னும். அதுவரைக்கும் உயிரோட இருக்கணுமாம், கெட்டுப்போகாம." பொரியலைச் சுட்டினாள். "இந்த வருஷம் அவரையில புழுவே இல்லேன்னு பெருமைப்பட்டீங்களே? எல்லாம் இங்கதான் இருக்கு."

சதாசிவம் மோருக்குக் காத்திராமல் கைகழுவ எழுந்தார். ஆதித்யா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

மாலையில் குளவி ஈரமண் உருண்டையோடு திரும்பிவந்து, சுவரிலிருந்த செம்மண் தடத்தைச் சுற்றியது. ஸ்வாதி உள்ளறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எழுந்து வரவில்லை. குளவி வெளியே போனதும் நான் ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

"இன்னாம்மா, ஜன்னல சாத்திட்டா அது எப்டி வரும்?" என்றாள் பாத்திரம் தேய்க்க வந்த அம்சா.

"வர வேண்டாம்."

அவள் தோளில் கிடந்த ஈரத்துணியை வாங்கி, தடத்தை நானே துடைத்தேன்.