அழுக்குக் கூடையில் போடாத விரிப்புகள்

பதினோரு மணிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கடற்கரையை ஒட்டிய அந்த வாடகை வீட்டில் காலையிலிருந்தே ஒரே அமளி. மூத்த மாப்பிள்ளை வாசல்படியில் செருப்புகளைத் தட்டித் தட்டி மணலை உதிர்த்துக்கொண்டிருந்தார். இளைய மாப்பிள்ளை ஈரத் துண்டுகளைக் கார் டிக்கியில் திணித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஆடுமா? அவர்கள் போட்ட திட்டம் மண்ணைக் கவ்விவிட்டதே! அவர்கள் கட்டிக்கொண்ட அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. ஒரே கூரையின் கீழ் நாலு நாள் அடைத்துப் போட்டால் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று சகலைகள் கூடிப் பேசித்தான் இந்த வீட்டை எடுத்தார்கள். வழிக்கு வந்த லட்சணத்தைக் கேளுங்கள். "ஃபிரிட்ஜ்ல மிச்சம் இருக்கிற பாலை யாராவது குடிச்சுத் தொலைச்சா தேவலை" என்று அக்கா சுவரிடம் சொல்வாள். "குடிக்கிறவங்க குடிப்பாங்க" என்று தங்கை ஜன்னலிடம் பதில் சொல்வாள். அந்தச் சுவருக்குக் கை இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருக்கும்.

விஷயம் இதுதான். போன வருஷம் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள், தூரத்து உறவுக்காரி ஒருத்தி போனில் 'உனக்குத் தெரியாதா?' என்று இழுத்து இழுத்துச் சொல்லித்தான் தெரிந்தது. கூடப் பிறந்தவளுக்கு நான் யாரோ ஆகிவிட்டேனா என்று அக்காவுக்கு நெஞ்சில் முள் தைத்தது. அவள் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. ஒரு எட்டு வந்து பார்க்கவில்லையே என்று தங்கை நெஞ்சில் இன்னொரு முள்.

இன்றைக்கும் பேசாமல் ஆளுக்கொரு காரில் ஏறிவிட்டால் அவ்வளவுதான். இனி யார் வீட்டுக் கல்யாணத்திலோ பார்த்தும் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற உறவாகிவிடும். அக்காவுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? முதலில் வாயைத் திறந்தால் குறைந்தா போய்விடுவாள்? ஆனாலும் திறக்கவில்லை, அப்படி ஒரு வீம்பு.

மாடி அறைக் கட்டிலிலிருந்து அகலமான விரிப்பை உருவினாள். மோவாயில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி மடிக்கப் பார்த்தாள். கடல் காற்று அதைப் பிடுங்கி முகத்திலேயே போர்த்தியது. தலையை விலக்கிப் பார்த்தால், மறு முனையைத் தங்கை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டு பேரும் சலவைக்கடைக்காரர் பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா கடையில் ஆளுக்கொரு முனை பிடித்து வளர்ந்தவர்கள். உதற வேண்டும், இழுக்க வேண்டும், முன்னால் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். இதற்குப் பேச்சு எதற்கு? ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் தங்கையின் விரல் அக்காவின் விரலில் பட்டு விலகியது. ஒரு விரிப்பு முடிந்தது, இன்னொன்று முடிந்தது, அடுத்த அறைக்குப் போனார்கள். எல்லாக் கட்டிலையும் உரித்து, மடித்து, பெரிதோடு பெரிது சிறிதோடு சிறிதாக அலமாரியில் செருகி வைத்தார்கள். இந்த வேலை முடியாமலே இருக்கட்டும் என்றிருந்தது அக்காவுக்கு.

"அழுக்கு விரிப்பெல்லாம் எங்கே? கூடை காலியா இருக்கே!" என்றபடி இளைய மாப்பிள்ளை மாடியேறி வந்தார். "கழட்டி அப்படியே கூடையில போட்டுடுங்கன்னு வீட்டுக்காரம்மா முதல் நாளே படிச்சுப் படிச்சு சொன்னாங்களே?"

அக்கா ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். அலமாரியில் ஏற்கெனவே வெளுத்த விரிப்புகள் இருந்தன. எல்லாம் வெள்ளை. இவர்கள் உதறிய உதறலில் மணல் போயிருந்தது, நீவிய நீவலில் சுருக்கமும் போயிருந்தது. மடிப்பை வைத்தாவது பிரிக்கலாமென்றால், 'இதெல்லாம் ஒரு மடிப்பா' என்று வந்த அன்றைக்கே வெளுத்ததையெல்லாம் பிரித்துத் தன் பாணியில் மடித்து வைத்த புண்ணியவதியும் அக்காதான்.

மூத்த மாப்பிள்ளையும் வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் தூக்கிக் கூடையில போட்டுட்டுக் கிளம்புங்க."

"வெளுத்த துணியை அழுக்கோட போடறதா!"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

அப்பா கடையில் சந்தேகம் வந்தால் மூக்குதான் தீர்ப்பு சொல்லும். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார்கள். சோப்பு வாசனை அடித்தால் அலமாரி. மற்றது கூடை. "கடவுளே, இது உங்களுது! தலைக்கு எண்ணெய் தேய்க்கிறீங்களா, எண்ணெயில தலையை முக்குறீங்களா?" என்று புருஷனிடம் ஒன்றை வீசினாள் அக்கா. தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அடுத்ததை முகர்ந்த அக்கா அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அதில் வலி மருந்தின் காரமான நெடி. விரிப்பின் ஒரே பக்கத்தில், திரும்பத் திரும்பத் தடவிய நெடி. இந்த நாலு நாளும் பக்கத்து அறையில் இவள் இப்படித்தான் படுத்திருந்தாளா?

"இன்னும் வலிக்குதாடி?"

கேட்டுவிட்டாள். சுவரைப் பார்த்து இல்லை, தங்கையின் முகத்தைப் பார்த்து.

தங்கை கையிலிருந்த விரிப்பின் முனையை நீவினாள். "ராத்திரியில கொஞ்சம்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அம்மாவைச் சேர்த்தப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுலயே மயங்கி விழுந்தவதானே நீ? எனக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா, உனக்குத் தண்ணி தெளிப்பாங்களா?"

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. "வந்தேன்டி. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்தேன். கோபம் கோபம்னு சொல்லிக்கிட்டேன். கோபமெல்லாம் இல்ல, பயம். உன்னை அந்தக் கட்டில்ல பார்க்க தைரியம் வரல."

"தெரியும்" என்றாள் தங்கை. "ஜன்னல் வழியா பார்த்தேன். நீ மேல வருவேன்னு, தலையைச் சீவி நல்ல சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அக்கா விரிப்பைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மாப்பிள்ளைகள் மெதுவாகப் படியிறங்கி, ஏற்கெனவே தட்டிய செருப்புகளை மறுபடியும் தட்டத் தொடங்கினார்கள்.

வீட்டுக்காரம்மா சாவி வாங்க வந்தபோது கூடையில் அழுக்கு விரிப்புகள் விளிம்பு பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. "அட, அழுக்கை எதுக்கும்மா மடிச்சீங்க?" என்றார். பழக்கதோஷம் என்றார்கள் இரண்டு பேரும்.

கிளம்பும்போது சகலைகள் இருவரும் ஒரு காரில் ஏற வேண்டியதாயிற்று. அக்காதான் அப்படி உத்தரவு போட்டாள். இன்னொரு காரின் ஸ்டியரிங்கைத் தானே பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த தங்கை சீட் பெல்ட்டை மாட்டும்போது லேசாக முகம் சுளித்தாள்.

அக்கா சாவியைத் திருகவில்லை. பையிலிருந்து துண்டு ஒன்றை எடுத்து ஒரு முனையைத் தங்கையிடம் நீட்டினாள். முனையோடு முனை சேர்த்து, நாலாக மடித்து, பெல்ட்டுக்கும் தங்கையின் வயிற்றுக்கும் நடுவில் வைத்து நீவிவிட்டாள்.

"உறுத்துதா?"

"இல்லக்கா" என்றாள் தங்கை.