பதினோரு வருஷப் புல்வெட்டு

...இந்தக் காலத்து மனுஷனுக்கு வாயால் சொன்னால் காதில் ஏறாது, தாளில் எழுதி நீட்டினால்தான் கண்ணே திறக்கும், நடமாடத் தாள், அரிசி வாங்கத் தாள், இப்போது ஒரு பச்சைப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளவும் தாளாம், என்று பொருமிக்கொண்டே மலாயாவின் சுங்கைப் பட்டாணி சர்க்கார் ஆபீஸ் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார் அம்மாசி. இந்தப் பக்கம் மகள் மருதம்மாள், மடியில் துணிமூட்டை. அந்தப் பக்கம் ஜவுளிக்கடை அபூபக்கர். அவருடைய ஏழு மாசப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் இவள் ரப்பர் தோட்டத்துப் புல்வெட்டு வேலையை விட்டுப் போகிறாள், மாசம் நாற்பது வெள்ளி சம்பளம், சாப்பாடு, படுக்க இடம். நல்லதுதான், யார் வேண்டாமென்றது, கையில் கொடுத்தால் முடிந்தது. முதலாளிக்கு அது போதவில்லை. கூலியில் ரெண்டு வெள்ளி பிடித்து, தானும் ரெண்டு போட்டு, சர்க்காரின் சேமநிதியில் கட்டுவாராம். வீட்டு வேலைக்காரிக்கு அது கட்டாயம்கூட இல்லையாம், இவராகவே எழுதிக் கேட்டுச் சேர்க்கிறாராம், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி. ஐம்பத்தைந்து வயசில் திருப்பித் தருவானாம். ஐம்பத்தைந்து! இவள் அம்மா ராக்காயி நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை. மருதம்மாளுக்கு இப்போது இருபத்து நாலு, அதுவரை எந்தச் சர்க்கார் இருக்கும், எவன் கொடி பறக்கும்... ஜப்பான்காரன் அடித்த நோட்டுத் தாளும் ஒருநாள் செல்லுபடியான தாள்தானே, கடைசியில் அடுப்பு மூட்ட உதவியது.

பணம் கிடக்கட்டும். மகள் பெயர் இங்கே ஏறினால் தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் இருந்து இறங்கிவிடும், அதுதான் நெஞ்சைப் பிடித்தது. செக்ரோலில் பெயர் இல்லாதவள் முள்வேலிக்குள் ஒரு ராத்திரி தங்க முடியாது, ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்துகிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் லிஸ்டில் விரல் வைத்து ஆளை எண்ணுவான். காட்டில் துப்பாக்கியோடு திரிகிற கம்யூனிஸ்டுக்குப் பயந்து வேலி போட்டார்கள், கடைசியில் பெற்ற மகளுக்கும் அதே வேலி. அதனால்தான் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அபூபக்கரிடம் ரகசியமாகச் சொல்லிப் பார்த்தார், "பேரு தோட்டத்துலயே கெடக்கட்டும் முதலாளி, கங்காணி நம்ம ஆளுதான், இவ காலையில பஸ்ல வந்துட்டு சாயங்காலம் திரும்பிடட்டும்."

"செய்யாத புல்வெட்டுக்குப் பேரு போடச் சொல்றீங்களாண்ணே? ரெண்டு எடத்துல பேரு இருந்தா போலீஸ்காரன் ஒங்களையும் என்னையும் ஒரே வேன்ல ஏத்துவான் லா. எனக்கு ஜன்னல் ஓரம் வேணும், சொல்லிட்டேன்."

மருதம்மாள் களுக்கென்று சிரித்தாள், அவள் அம்மாவின் சிரிப்பு. ராக்காயி அப்படித்தான் சிரித்துக்கொண்டு வருவாள், அஞ்சு மணிக்கு, பங்களா மேட்டிலிருந்து இறங்கி, சேலையில் வெள்ளைக்காரப் பிள்ளையின் பவுடர் வாசம்... ரப்பர்ப் பால்வாடையும் புகையும் மண்டிக் கிடக்கும் லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் அந்த வாசம் ஒரு மூலையில் ராத்திரி முழுக்க இருக்கும், அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மோந்திருக்கிறார். துரை மகள் தமிழில்தான் அழுவாளாம், "ஆயா, போவாத, போவாத" என்று. ராக்காயி அதைச் செய்து காட்டுவாள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அவர் வயிறு வலிக்கச் சிரிப்பார். எப்பேர்ப்பட்ட காலம், வேலி இல்லை, கேட் இல்லை, விளக்கு வைத்த பிறகும் மூன்று லயம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வரலாம். பதினோரு வருஷம் பிள்ளை வளர்த்தாள், செக்ரோலில் மட்டும் பதினோரு வருஷமும் புல்வெட்டு. ஜப்பான் சண்டை முடிந்து திரும்பிய துரை பழைய பங்களா ஆட்களைத் தேடிக் காசு கொடுத்தபோது, குசினிக்காரனுக்குக் கிடைத்தது, தோட்டக்காரனுக்குக் கிடைத்தது, லிஸ்டில் ராக்காயி இல்லை. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "அப்ப நான் பதினோரு வருஷம் புல்லா வெட்டுனேன்?" என்று கேட்டாள், ஒரே ஒரு தடவை. வெள்ளைக்காரன் புத்தியே அதுதான் என்று இவர் காறித் துப்பினார். துப்பாமல் வேறென்ன செய்வது, உண்மையைச் சொல்வதா? துரைசாணி அவளைப் பங்களா ஆயா என்று எழுதி, பின்கட்டு அறையிலேயே தங்கச் சொன்னதையும், ராவோடு ராவாக இவர் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு செக்ரோல் எழுதுகிற கிராணி குழந்தைவேலு வீட்டுக்குப் போனதையுமா? "பங்களா லிஸ்டு வேணாஞ்சாமி, புல்வெட்டுலயே போட்டுருங்க, பொம்பள பொழுது சாய வீட்டுக்கு வரணும்..." அந்தச் சேவலையும் ராக்காயிதான் வளர்த்திருந்தாள், கீரி கொண்டுபோய்விட்டது என்று ரெண்டு நாள் புலம்பினாள்.

"அம்மாசி! மருதம்மாள் தகப்பன்!" மேஜைக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா கூப்பிட்டான். பிறந்த சூராட் பத்திரம் ஜப்பான் காலத்தில் தொலைந்துபோனதால் அப்பன் சாட்சி ரேகை வைத்தால்தான் ஆகுமாம். வைக்கமாட்டேன் என்று எழுந்து போனால்? போனால் போச்சு, முதலாளி வேறு ஆயா பார்ப்பார், பொழுது சாய மகள் காம்பிராவில் இருப்பாள், சோறு சூடாக இருக்கும். கட்டைவிரல் தானாக மடங்கி உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது.

"என்ன வேலைன்னு போட்டிருக்கு? படிங்க," என்றார்.

"வீட்டில் குழந்தையைப் பராமரிக்கும் ஆயா."

"இன்னொருக்கா படிங்க."

"பெரியவரே, பின்னால ஆளு நிக்கிது." ஆனாலும் படித்தான்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

வாசலில் மருதம்மாள் கேட்டாள், "அம்மாவ ஏம்ப்பா அப்ப பங்களா ஆயான்னு எழுதாம விட்டாங்க?"

"கிராணி தப்பா எழுதிட்டான்."

"பாவி."

"ம்."

"ஞாயித்துக்கெழம பகல்ல வந்து பாத்துட்டுப் போறேன்ப்பா. சோத்துல தண்ணி ஊத்தி வைக்க மறந்துடாதீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார். சர்க்காராவது, கொடுப்பதாவது, ரெண்டு வெள்ளி ரெண்டு வெள்ளியாக விழுங்கிவிட்டு ஏப்பம் விடுவான், பார்க்கத்தானே போகிறோம். எழுதினால் மட்டும் என்ன, எழுதாமல் ராக்காயி பதினோரு வருஷம் தினம் தினம் வீட்டுக்கு வரவில்லையா, சிரித்துக்கொண்டு வரவில்லையா? வந்தாள். வந்தாள்தான்... மேட்டிலிருந்து இறங்கும்போது எத்தனை தடவை பங்களாவைத் திரும்பிப் பார்த்தாள் என்பதை மட்டும் அவர் லயத்து வாசலில் நின்றுகொண்டு எப்படிக் கண்டிருக்க முடியும். தாளாம், தாள், என்று முணுமுணுத்தபடி நடையை எட்டிப் போட்டார், கேட் சாத்த இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருந்தது.