சகுனத்துக்குச் செக்‌ஷன் கிடையாது

குருசாமி வீட்டை விட்டுக் கிளம்பும்போது சமையற்கட்டுக் கதவு சாத்தியிருக்க வேண்டும். அது அந்த வீட்டின் சட்டம். அவன் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டதும் அவன் அம்மா அய்யம்மாள் தொண்டையைச் செருமுவாள். உள்ளே அவளுடைய சின்ன மருமகள் தீபா கதவைச் சாத்திக்கொண்டு, மொபெட் சத்தம் தெருமுக்கைத் தாண்டும் வரை அசையாமல் நிற்பாள். புருஷனை இழந்த தம்பி பெண்டாட்டி எதிரே வந்தால் மண்டியில் தக்காளி விலை விழுந்துவிடும் என்று குருசாமி நம்பினான். தப்பித் தவறிப் பார்த்துவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான். மூன்று வருடமாகக் கதவு ஒழுங்காகச் சாத்தப்பட்டு வந்தது. தக்காளியும் தன் இஷ்டத்துக்கு விழுந்துகொண்டுதான் இருந்தது.

அன்று அய்யம்மாள் செருமி, கதவு சாத்தப்பட்டு, குருசாமி வலது காலை வாசலில் வைத்த நேரம், ஒரு போலீஸ் பைக் வந்து வழியை மறித்து நின்றது.

“தீபா யாரும்மா? மணிமாறன் சம்சாரம்?”

தீபா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வராமல் என்ன செய்வது? கூப்பிட்டது அரசாங்கம். குருசாமிக்கு முகத்தைத் திருப்பக்கூட நேரமில்லை. நேருக்கு நேராகப் பார்த்துத் தொலைத்தான்.

“தண்ணி கொண்டாங்க ஆத்தா!” என்று கத்தினான்.

“ஆத்தி! எங்க வாசல்ல போலீசா?” என்று அய்யம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். தண்ணீர் வரவில்லை.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளர் வேலைக்குத் தீபா விண்ணப்பித்திருந்தாள். பின் வீட்டுக் கௌசல்யாதான் கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்து கொடுத்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. போலீஸ் சான்று சுத்தமாக வந்தால் வேலை, கோணலாக ஒரு வார்த்தை இருந்தாலும் இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வேனில் போகிற ஆட்களை எல்லாம் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று மேஜையைத் தட்டியவன் வேறு யாருமில்லை, குருசாமியேதான். அவன் மகள் தமிழ்மதி அங்கே ஒன்றாம் வகுப்பு. “யாரு எவருன்னு தெரியாம எம் பிள்ளைய எப்படி அனுப்புறது?” என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கியிருந்தான். அந்தக் கைதட்டல் இப்போது பைக்கில் ஏறி அவன் வாசலுக்கே வந்துவிட்டது.

வந்த ஏட்டு பாக்கியராஜுக்குக் காலையிலிருந்து டீ கிடைக்கவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைத்தார்.

“பயப்படாதீங்க. வேலைக்குப் போறாங்கள்ல, வழக்கு எதும் இருக்கான்னு பாக்கணும். ஸ்டேஷன்ல பாத்தாச்சு, ஒன்னும் இல்ல. அக்கம்பக்கம் ரெண்டு பேரு சொல்லிட்டா முடிச்சிருவேன்.”

அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. போலீஸ் பைக் நின்றால் நாகல் நகரில் எந்த வீட்டு அடுப்பில் வேலை ஓடும்?

“குத்தம் சொல்லக் கூடாது,” என்று மாடி வீட்டு அம்மாள் ஆரம்பித்தாள். குற்றம் சொல்லப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். “ஆனா தீவாளிக்குப் பச்சக் கலர்ல சுங்குடிச் சேல கட்டுனா.”

“சரி.”

“மொட்ட மாடியில துணி காயப் போடயில பாட்டுப் பாடுறா. போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா,” என்றாள் இட்லி மாவு விற்கிறவள்.

“பொட்டு வைக்கிறாய்யா. சின்னப் பொட்டா இருந்தாலும் பொட்டு பொட்டுதேன?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஏட்டு பேனாவை மூடினார். “இதுக்கெல்லாம் செக்‌ஷன் கிடையாதும்மா. திருட்டு, அடிதடி, சூதாட்டம், அப்படி எதுனா இருந்தாச் சொல்லுங்க.”

தெரு யோசித்தது. அடிதடியும் சூதாட்டமும் அங்கே கூடி நின்ற ஆண்களில் பாதிப் பேரிடம் இருந்தன. அவர்கள் மெதுவாகப் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

காரியம் கைநழுவுவதைக் குருசாமி பார்த்தான். இவள் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யார் பொங்கிப் போடுவது? அம்மாவின் முழங்கையை இடித்தான். அய்யம்மாளுக்கு அது போதும்.

“திருட்டென்னய்யா பெரிய திருட்டு? எம் மகன் மணிமாறனக் கொன்னவய்யா இவ! இவ ராசி, இவ காலடி வச்ச நேரம், ரெண்டே வருசத்துல அவனத் தூக்கிட்டுப் போயிருச்சு. கொலைகாரி!”

அந்தச் சொல் தீபாவுக்குப் புதிதல்ல. குழம்பில் உப்புக் கூடினாலும் கொலைகாரி, பால் பொங்கி வழிந்தாலும் கொலைகாரி. ஆனால் காக்கிச் சட்டைக்கு முன்னால் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஏட்டு அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் வேன், வேலை, வெளியே போகிற வழி எல்லாம் போச்சு.

பாக்கியராஜ் நொந்துபோனார். கொலை என்றால் எவ்வளவு எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தெருவே கேட்கும்படி அவள் சொல்லியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கொலைன்னா முறைப்படிதேன் எழுதணும். எப்படிச் செத்தாரு?”

“லாரியிலய்யா. கேரளாவுக்குத் தக்காளி லோடு ஏத்திக்கிட்டுப் போனான். குமுளி மலையில கவுந்துருச்சு.”

“இந்தம்மா லாரியில இருந்தாங்களா?”

“இல்ல, வீட்டுல சோறு ஆக்கிக்கிட்டு இருந்தா.”

“லாரி யாருது?”

“எம் பெரிய மகனுதுதேன்,” என்றாள் அய்யம்மாள், அந்த அழுகையிலும் கொஞ்சம் பெருமையாக. குருசாமி இருமினான்.

“டிரைவர் நல்லாத் தூங்கி எந்திரிச்சுத்தேன் போனாரா?”

“எங்கய்யா தூங்குனான்! மொத நாள்தேன் கோட்டயம் போயிட்டு வந்தான். வந்தவனச் செத்த நேரம் படுக்க விடாம, ஓணத்துக்கு நல்ல வெல நிக்குது, ஓடிரு ஓடிருன்னு இவந்தேன்...”

அய்யம்மாள் திரும்பித் தன் பெரிய மகனைப் பார்த்தாள். அந்தச் சாவை அவள் எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறாள். ஒருவரும் அவளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை.

“சொல்லுங்கம்மா, எழுதணும்ல?”

“அட, விடுங்க ஏட்டய்யா,” என்று குருசாமி குறுக்கே பாய்ந்தான். “பெத்த வயிறு, ஆத்தாமையில ஏதோ சொல்லுது. கொலையும் இல்ல, ஒன்னும் இல்ல. டீ சொல்லவா?”

டீ என்றதும் ஏட்டின் முகம் தெளிந்தது. அவர் எழுந்தே விட்டார்.

“இல்லங்கய்யா. எழுதுங்க,” என்றாள் தீபா.

“என்னம்மா?”

“கொலைக் கேஸுன்னே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். கேஸுன்னா கோர்ட்டு இருக்கும், வாய்தா இருக்கும், என்னைக்காச்சும் ஒரு தீர்ப்பு வரும். கொலை பண்ணவங்களுக்குக்கூட ஜாமீன் குடுக்காங்களாம்ல? நான் கேஸே இல்லாம மூணு வருசமா இந்த அடுப்படிக்குள்ள கெடக்கேன். தூங்காதவர லாரியில ஏத்திவிட்டவரு தெனமும் சகுனம் பாத்துக் கெளம்புறாரு. கொலைகாரி நான் கதவச் சாத்திக்கிட்டு நிக்கிறேன்.”

இத்தனை கோபம் தனக்குள் இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பாக்கியராஜ் மறுபடி உட்கார்ந்தார். “கடைசியாக் கேக்கேன் பெரியம்மா. கொலையா, இல்லையா?”

அய்யம்மாள் தரையைப் பார்த்தாள். “இல்ல.”

“தெருவுக்குக் கேக்கட்டும்,” என்றார் ஏட்டு.

“இல்லய்யா! எம்பிள்ளை தூக்கத்துக்கு ஏங்கிச் செத்தான்!” என்று அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை யாரையும் திட்டாமல் அழுதாள்.

ஏட்டு எழுதி முடித்துப் பைக்கை உதைத்தார். சொன்ன டீயை யாரும் வாங்கித் தரவில்லை.

சான்று சுத்தமாக வந்தது. தீபா வேலையில் சேர்ந்தாள். குருசாமி பள்ளிக்கூடத்துக்கு ஓடி, வேன் ஆளை மாற்றச் சொன்னான். “நீங்க கேட்டதுக்காகத்தான் சார் எல்லாருக்கும் விசாரணை போட்டோம். இதுவரைக்கும் சான்று வந்திருக்கிறது அவங்க ஒருத்தருக்குத்தான்,” என்றார் தலைமையாசிரியை. அந்தப் பக்கம் வேறு வேனும் கிடையாது. வருடக் கட்டணமோ கட்டியாகிவிட்டது, திரும்பி வராது.

திங்கட்கிழமை காலை, மண்டிக்குப் போகிற வழியில் குருசாமி மகளை மொபெட்டில் தெருமுக்குக்குக் கொண்டுவந்தான். வேன் நின்றது. கதவு திறந்தது. பச்சைச் சுங்குடிச் சேலையில், கழுத்தில் அடையாள அட்டையோடு தீபா இறங்கினாள். அவன் அவசரமாகத் திரும்பி மின்கம்பத்தைப் பார்த்தான்.

“சித்தி!” என்று தமிழ்மதி தாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தீபா பிள்ளையை ஏற்றி உட்கார வைத்தாள். படியில் நின்றபடி, தமிழ்மதியின் தண்ணீர் பாட்டிலைக் குருசாமியிடம் நீட்டினாள்.

“ஒரு மடக்குக் குடிச்சிட்டுப் போங்க மச்சான். நாளைக்கும் இதே நேரந்தேன் வருவேன்.”