டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த நம்பர்

சாயத் தொழிற்சாலையின் கண்ட்ரோல் ரூமில் திரை கறுத்துப்போன மூன்றாவது நிமிடமே சூப்பர்வைசரின் கை மெயின் சுவிட்சுக்குப் போய்விட்டது. அந்த மனுஷனுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. வைத்தவன் கெட்டிக்காரன்.

அவரையும் குறை சொல்ல முடியாது. நான்காம் தொட்டியில் சாயம் சூடேறிக்கொண்டிருந்தது. எவ்வளவு சூடு என்று காட்ட வேண்டிய திரை செத்துக் கிடந்தது. ஆனால் சுவிட்சை அணைத்துப் போட்டால் மிஷின் முதலிலிருந்து தொடங்கும். அதன் முதல் வேலை, இரண்டாம் தொட்டிக்குள் கொதிநீரைப் பாய்ச்சுவது. அதில் படிந்த சாயத்தைச் சுரண்டத்தான் காலையில் இரண்டு பேர் இறங்கியிருந்தார்கள். ஒருவன், திரையைப் பார்க்க ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்ற மெக்கானிக் பெண்ணின் கூடப்பிறந்த தம்பி.

இறங்கும்போது தொட்டி வாசலில் பட்டனை அழுத்தினால், அவர்கள் டோக்கன் நம்பர் திரையில் 'உள்ளே' என்று ஏறும். வந்தபின் அழுத்தினால் 'வெளியே' என்று மாறும். அங்கே பாதுகாப்பு அவ்வளவுதான். கொதிநீர் வால்வுக்கு ஒரு பூட்டுப் போடுங்கள் என்று மெக்கானிக் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருக்கிறாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ஆளனுப்பிப் பார்த்துவரப் பத்து நிமிடம் ஆகும்.

டீ நேரம் தாண்டிவிட்டது, எல்லாரும் ஏறியிருப்பார்கள் என்றார் அவசரம். திரையில் பார்க்கத்தான் ஒன்றுமே இல்லையே என்றார். அவர் பழகியதெல்லாம் பழைய பெட்டித் திரை. அதில் பின்னாலிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்ந்து கண்ணாடியின் பூச்சில் மோதினால்தான் வெளிச்சம். அந்த வெளிச்சமேதான் படம்.

"இது அப்படியில்லை சார். பின்னாடி விளக்கு தனி, முன்னாடி படம் தனி. விளக்குதான் போயிருக்கு, படம் அப்படியே இருக்கும். கையை எடுங்க."

மெக்கானிக் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக எழுத்து தெரிந்தது. நான்காம் தொட்டி, தொண்ணூற்றாறு. பொங்க இன்னும் இரண்டே டிகிரி. கீழே நகர்த்தினாள். முப்பத்தொன்று, வெளியே.

தம்பி. போன உயிர் திரும்பி வந்தது. 'போடுங்க சார்' என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு, டார்ச்சை இன்னொரு வரி இறக்கினாள்.

"முப்பத்திரண்டு. உள்ளே."

அவசரம் அசையவில்லை. அது அவருடைய மருமகனின் நம்பர். சுவிட்சிலிருந்து அவர் விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். இரண்டாம் தொட்டிக்கு ஆட்கள் ஓடினார்கள், ஒருவன் நான்காம் தொட்டியின் நீராவி வால்வைக் கையாலேயே திருகி மூடினான்.

மருமகன் சாயம் அப்பிய முகத்தோடு வந்து நின்றபோது, அவசரம் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். என் பொண்ணோட வாழ்க்கையைக் காப்பாத்தினே தாயி என்று அழுதார்.

"கும்பிடாதீங்க சார்" என்றாள். வாய்வரை வந்த அந்த 'போடுங்க சார்' இன்னும் அவள் நாக்கிலேயே இருந்தது.